குறைகேட்பு நாள்

எழுமலையிலிருந்து ஆறேகால் வண்டி.
விருமாயி என் இடப்பக்கம்தான் உட்காருவாள்.
வலப்பக்கம் உட்கார்ந்தால் அவள் பேசுவது
பேசாதது மாதிரி.

உசிலம்பட்டி தாண்டும்வரை வாய் திறக்கமாட்டாள்.
இன்ஜினோடு போட்டிபோட்டு அவள் கத்தினால்
புருஷன் பெண்டாட்டி சண்டையென்று
முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.
மடியில், உரச்சாக்கில் தைத்த பை.
உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம்,
மறுப்புக் கடிதங்கள் மூன்று,
வழியில் கொறிக்க வறுத்த மொச்சை.

எண்பத்தெட்டில் ஆளெடுப்பு.
ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஜட்டியோடு நானூறு பேர்.
முதுகைக் காட்டி நிற்கச் சொன்ன டாக்டர்
இருபதடி தள்ளிப் போய்
அறுபத்தாறு என்று முணுமுணுத்தார்.
அறுபத்தாறு என்றேன்.
அடுத்த எண்ணுக்கு அவர் உதடு பிரித்த சத்தமே
எனக்குக் கேட்டது.
பாம்புக் காதுடா உனக்கு என்று
முத்திரை குத்தினார்.

பீரங்கிக்குக் குண்டு ஏற்றுகிற வேலை.
காதில் அடைக்கப் பஞ்சு கொடுப்பார்கள்.
அடைத்தால் ஹவில்தாரின் குரல் கேட்காது.
குரல் கேட்காமல் கையை நீட்டினால்
கை திரும்பி வராது.
காதா கையா என்று வந்தால்
எவனும் கையைத்தான் வைத்துக்கொள்வான்.
பஞ்சை எடுத்து
பூட்ஸ் துடைத்தோம்.

ராஜஸ்தானில் ஒரு பயிற்சி முடிந்த மறுநாள்
கூடாரத்துக்கு வெளியே மயில்.
கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறது,
மூடுகிறது, திறக்கிறது.
இந்த ஊர் மயில் ஊமை போல என்று
டீ குடிக்கப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து வலக்காதுக்குள்
பழுதான டியூப்லைட்டின் உறுமல்.
அணைக்கச் சுவிட்சு இல்லை.

பதினேழு வருஷம் கழித்து வெளியே வரும்போது
சென்னையில் மருத்துவக் குழு.
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக்
கையில் பொத்தானைக் கொடுத்தார்கள்.
சத்தம் கேட்டால் அமுக்கு.
எந்தச் சத்தம் என்று சொல்லவில்லை.
உறுமியபோதெல்லாம் அமுக்கினேன்.

பத்தொன்பது விழுக்காடு என்றது கடிதம்.
இருபது இருந்தால்தான் பணம்.
குறைந்த அந்த ஒன்றை
இரைந்து இரைந்தே தின்றிருக்கிறது என் காது.

இரண்டாவது கடிதம் இன்னும் அழகு:
'பணியால் விளைந்ததன்று,
பணியால் மிகுந்ததும் அன்று.'
எனக்குக் கேட்க வேண்டுமென்று
விருமாயி நாலு தடவை உரக்கப் படித்ததில்
தெருவுக்கே மனப்பாடம்.
"அப்ப அண்ணனுக்கு எதனாலயாம்?"
எதிர்வீட்டு அங்கம்மாள் கேட்டாளாம்.
"கல்யாணத்தாலயா இருக்கும்" என்றாளாம் இவள்.

இன்றைக்குக் குறைகேட்பு நாள்.
படைவீரர் நல அலுவலகத்தில் எங்கள் டோக்கன் முப்பத்தொன்று.
டோக்கன் எண்ணைக் கூப்பிடத்தான் செய்கிறார்கள்,
எழுதிக் காட்டுவதில்லை.

மேசைக்குப் பின்னால் புதிதாய் ஒரு பெண்,
பெயர்ப்பலகையில் சு. தமயந்தி.
கடிதங்களை ஒதுக்கிவிட்டு
டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் தாளுக்குப் போனாள்.
மங்கிய முத்திரையில் விரல் வைத்தாள்.
ஏதோ சொன்னாள்.
விருமாயி திருப்பிச் சொல்லாமல்
முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.
"என்னவாம்?" என்றேன். அலுவலகமே திரும்பியது.

தமயந்தி ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினாள்:
'சேரும்போது கேட்டிருக்கிறது.
இத்தனை வருஷம் இதை யாரும் கேட்கவில்லையா?'

ஒருமுறைக்கு இருமுறை படித்தேன்.
கேட்கவில்லை. நானும்தான்.

பிறகு மேல்முறையீட்டுப் படிவம்.
தாமதத்துக்குக் காரணம், இரண்டு சாட்சி,
சென்னைக்கு மறுபடி போகவேண்டும்,
வருஷக்கணக்கும் ஆகலாம்.
பெயர் எழுதினேன்: பி. ஒச்சப்பன்.
படைப்பிரிவு எழுதினேன்.
ஏழாவது கட்டம்:
'குறைபாடு முதலில் தெரியவந்த நாளும் சூழ்நிலையும்.'

நாள் தெரியாது.
நல்ல வெயில். மயில் நின்றது.
"இதை எழுதலாமா?" என்றேன்.

தமயந்தி விருமாயியைப் பார்த்தாள்.
விருமாயி எதுவும் சொல்லாமல்
என் கையிலிருந்த பேனாவின் மூடியைக்
கழற்றி வைத்துக்கொண்டாள்.